சிறுநீர்ப்பை நிரம்பாமல் தினமும் மாறும் கர்ப்பப்பை: விமேட் போடுபவர்கள் உதவுங்கள்

வேலூரில் ஒரு ரேடியோதெரபி பிரிவிலிருந்து கேட்கிறோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், 6 எம்வி விமேட் (இயந்திரம் சுற்றிவந்தபடியே கதிர் செலுத்தும் முறை), 25 தவணையில் 45 கிரே கதிர், வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் (கீமோ மருந்து). சிகிச்சை மேசையிலேயே தினமும் கோன் பீம் சிடி ஸ்கேன் உண்டு.

சிகிச்சையைத் திட்டமிட எடுத்த பிளானிங் சிடியில் 250 மி.லி. இருந்த சிறுநீர்ப்பை, மேசையில் படுக்கும்போது 90தான். இடுப்பெலும்பு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் கர்ப்பப்பையின் மேல்முனை முன்னால் சாய்ந்து பிடிவி (இலக்கும் அதைச் சுற்றிய பாதுகாப்பு ஓரமும்) கோட்டைத் தொட்டு நிற்கிறது. சிறுகுடலும் கீழே இறங்கிவிடுகிறது. மேசையை நகர்த்திச் சரிசெய்தால் அதே இலக்கிலுள்ள நிணநீர்க் கணுக்கள் கதிருக்கு வெளியே போகும்.

வெயில் காலத்தில்தான் இது மோசம். குடியாத்தம், ஆரணிப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் அம்மாக்கள் வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று தண்ணீரே குடிப்பதில்லை. வந்தபின் கொடுப்பதை உடம்பு இழுத்துக்கொள்கிறது. சிஸ்பிளாட்டின் நாளில் நேர்மாறு: சலைன் ஏறி, அடக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

500 மி.லி. குடித்து 45 நிமிடம் காத்திருப்பது எங்கள் வழக்கம். 750 ஆக்கிப் பார்த்தோம், குமட்டலில் வாந்தி. அல்ட்ராசவுண்டில் 150க்குக் கீழ் இருந்தால் காக்க வைத்தோம், வரிசை நின்றுபோனது. நிரம்பிய, காலியான இரண்டு சிடியிலும் ஐடிவி (கர்ப்பப்பை நகரும் இடமெல்லாம் சேர்த்த இலக்கு) வரைந்தோம். இலக்கு பெருத்து குடலுக்கான டோஸ் ஏறியது. மலக்குடல் வாயு மட்டும் இரவு மலமிளக்கியில் அடங்கியது.

சிறுநீர்ப்பைக் கொள்ளளவுக்கு ஏற்ப இரண்டு மூன்று பிளான் தயாராக வைத்து, அன்றைய கோன் பீம் பார்த்துத் தேர்வுசெய்பவர்கள் சொல்லுங்கள்: எத்தனை மி.லி.யில் ஒரு பிளானிலிருந்து அடுத்ததற்கு மாறுகிறீர்கள்?