சிறுகுறிஞ்சான்: ஆய்வகத்தில் நிறம் மாறினால் சர்க்கரை குறையுமா?

மலைத்தேன்:
எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்குச் சிறுகுறிஞ்சான் இலையை எடுத்தேன். மெத்தனால் என்ற ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாற்றை, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனைச் சோதிக்கும் டி.பி.பி.எச். கரைசலில் விட்டேன். அரை மணி நேரத்தில் அடர் ஊதா வெளிர்மஞ்சளாகிவிட்டது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதியையும் தடுத்தது. இவ்வளவு இருந்தும் டாக்டர்கள் இதை ஏன் எழுதித் தருவதில்லை? சர்க்கரைக்கொல்லி என்று நம் முன்னோர் சும்மாவா பேர் வைத்தார்கள்?

ஆற்றங்கரை:
தம்பி, உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் காபி டிகாஷனை விட்டாலும் அந்த ஊதா போய்விடும். அதற்காகக் காபியைச் சர்க்கரை மருந்து என்று எழுதித் தருவார்களா? குடல் அதில் எவ்வளவு உறிஞ்சும், கல்லீரல் அதை என்ன செய்யும் என்பதெல்லாம் சோதனைக் குழாயில் தெரியாது. அப்புறம் மெத்தனால். வீட்டில் யார் மெத்தனாலில் ஊறவைத்துக் குடிக்கிறார்கள்? கஷாயத்தில் இறங்கும் சத்து வேறு. ஒப்பீட்டுக்கு, அதே நொதியைத் தடுக்கும் சர்க்கரை மருந்தான அகார்போஸ் வைத்தீர்களா?

மருதாணி:
நான் சித்தா படிக்கிறேன். மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்களே! சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-ல் வெளியிட்டது: இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்கள் 22 பேர், தினம் 400 மில்லிகிராம் இலைச்சாறு, 18 முதல் 20 மாதம். 5 பேர் மாத்திரையையே விட முடிந்தது. இலையை மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சீனியை வாயில் போட்டுப் பாருங்கள். மணலைப் போல நறநறவென்று இருக்கும், இனிப்பே தெரியாது. இலையில் உள்ள ஜிம்னிமிக் அமிலம் செய்கிற வேலை அது.

ஆற்றங்கரை:
நாக்குக்கு இனிப்பு தெரியாமல் போவது வேறு, ரத்தத்தில் சர்க்கரை இறங்குவது வேறு. அந்த 22 பேரையும் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்துப் பார்க்கவில்லை. ஒன்றரை வருஷம் கண்காணிப்பில் இருந்தாலே சாப்பாடும் நடையும் மாறிவிடும். அதோடு, மாத்திரையோடு சேர்த்துத்தான் சாற்றைக் கொடுத்தார்கள். என் அப்பா பொடியை நம்பி மாத்திரையை நிறுத்தினார். மூன்றே மாதம். செருப்புக் கடித்த புண் ஆறவே இல்லை. பரிசோதித்தால் சர்க்கரை 380. அன்று அவர் கட்டுப் போட்ட காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மருதாணி:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது, அண்ணா. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்களை நானும் ஏற்கமாட்டேன். ஆனால் செடியை ஒதுக்காதீர்கள். கலேகா என்ற ஐரோப்பியச் செடியைத் தொடர்ந்து போனதில்தானே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வந்தது?

ஆற்றங்கரை:
சரி, அந்த வழியிலேயே போகலாம். கலேகாவில் இருந்த கலேகின் நச்சுத்தன்மை உள்ளது. அதன் உறவான மெட்ஃபார்மினைப் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1957-ல் முடிவை வெளியிட்டார். எந்தச் சேர்மம், எவ்வளவு, யாருக்கு ஆகாது என்று சிறுகுறிஞ்சானுக்கும் பாருங்கள். மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை மட்டுமீறி இறங்கினாலும் ஆபத்துதான்.

மலைத்தேன்:
அகார்போஸ் வைத்தேன், அண்ணா. அதே அளவு தடுப்புக்கு எங்கள் சாறு பல மடங்கு தேவைப்பட்டது. அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அடுத்த வாரம் கஷாயத்தில் திரும்பச் செய்கிறேன். மருதாணி அக்கா, காய்ந்த இலை எத்தனை கிராம், தண்ணீர் எவ்வளவு, எவ்வளவாக வற்றவிட வேண்டும்?