அந்தமான் கப்பலில் ஹாம் ரேடியோ ரிக் எடுத்துப் போகலாமா, கூடாதா?

பெரம்பூர் பீக்கான்:
வணக்கம் நண்பர்களே. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். போகும்போது சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பல், வரும்போது விமானம். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள், வேறு வேலை கிடையாது. என்னிடம் ஜெனரல் கிரேடு ஹாம் லைசென்ஸ் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்கான உரிமம்) இருக்கிறது. பத்து வாட் எச்எஃப் ரிக் (தொலைதூரம் பேசும் ஷார்ட்வேவ் செட்), இரண்டு மீட்டர் ஹேண்டி (கையடக்க வாக்கி டாக்கி), சின்ன லித்தியம் பேட்டரி, பத்து மீட்டர் கம்பி, எல்லாம் ஒரு பள்ளிக்கூடப் பைக்குள் அடங்கிவிடும். "ரேடியோவா நாங்களா" என்று வீட்டில் கேட்டாகிவிட்டது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். சட்டப்படியும் நடைமுறையிலும் இது சரிப்படுமா?

ராயபுரம் மார்க்கோனி:
தாராளமாக எடுத்துப் போங்கள் நண்பரே. நம் ஏரியா மொட்டை மாடியில் 40 மீட்டர் பேண்டைத் திறந்தால் என்ன கேட்கிறது? எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், பக்கத்து வீட்டு சார்ஜர் எல்லாம் சேர்ந்து எஸ்9 அளவுக்குப் பலத்த இரைச்சல். அதற்கு நடுவில் விசாகப்பட்டினம் கேட்டாலே சந்தோஷப்படுகிறோம். கடல் அப்படியில்லை. உப்புத் தண்ணீர் மாதிரி ஒரு தரை எந்த மொட்டை மாடியிலும் கிடைக்காது. செங்குத்தான ஆன்டெனாவை அதன் மேல் நிறுத்தினால் அலை அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகப் போகும், ஐந்து வாட்டுக்கே ஜப்பானும் ஐரோப்பாவும் பதில் சொல்லும். இந்த வாய்ப்பை வீட்டுப் பரணில் பூட்டி வைத்துவிட்டுப் போவதற்கா லைசென்ஸ் எடுத்தோம்?

எண்ணூர் ஈடிஓ:
மார்க்கோனி சார் சொல்லும் கடல் வேறு, கப்பல் வேறு. நான் கப்பலில் மின்சாரம், எலெக்ட்ரானிக்ஸ் பார்ப்பவன். பயணிகள் கப்பல் என்பது பெரிய இரும்புப் பெட்டி. கேபினுக்குள் கம்பி கட்டினால் உங்கள் சிக்னல் கேபினைத் தாண்டாது. மேல் தளத்துக்கு வந்தால் வேறு தொல்லை. ஏசி, பம்ப் மோட்டார்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள், ஆயிரக்கணக்கான விளக்குகள், சுற்றிக்கொண்டே இருக்கும் ராடார். உங்கள் பெரம்பூர் மாடியே தேவலை என்று தோன்றும்.

அதை விடுங்கள். கப்பலின் உயிர்காப்புத் தகவல்தொடர்பு முழுக்க ரேடியோதான். 156.8 மெகாஹெர்ட்ஸில் அவசரக் குரல் அழைப்புக்கான சேனல் 16, 156.525-இல் டிஜிட்டல் அவசர அழைப்புக்கான சேனல் 70, 518 கிலோஹெர்ட்ஸில் நாவ்டெக்ஸ் வானிலை எச்சரிக்கை. இவற்றின் ஆன்டெனாக்களுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பயணி கம்பியை இழுத்துக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தால் பொறுப்புள்ள எந்த அதிகாரியும் சும்மா இருக்க மாட்டார். பல சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் பயணிகளின் டிரான்ஸ்மிட்டரை ஏற்ற விடாமல் தடுப்பது இதனால்தான்.

ராயபுரம் மார்க்கோனி:
தம்பி, பத்து வாட்டை வைத்துக்கொண்டு கப்பலைக் கவிழ்க்கப் போவதுபோல் பேசுகிறீர்கள். விதியில் இதற்கு இடமில்லையா என்ன? கால் சைன் என்ற அடையாளப் பெயருக்குப் பின்னால், கடலில் இருப்பதைக் காட்டும் "ஸ்லாஷ் எம்எம்" போட்டு உலகமெங்கும் ஹாம்கள் கப்பலிலிருந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எண்ணூர் ஈடிஓ:
இடம் இருக்கிறது. எப்படிப்பட்ட இடம் என்று பார்ப்போம். நம் 1978-ஆம் ஆண்டு அமெச்சூர் (ஹாம்) சேவை விதிகளிலேயே கப்பல் பற்றித் தனியாகச் சொல்லியிருக்கிறது. வீட்டு முகவரிக்கு வாங்கிய லைசென்ஸ் போதாது, தனி அனுமதி வேண்டும். அதற்குக் கேப்டனின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். இந்தியத் துறைமுகம் எதிலும் கப்பல் நிற்கும்போது இயக்கக் கூடாது. கேப்டனோ ரேடியோ அதிகாரியோ நிறுத்து என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

இது இந்தியாவில் பதிவான கப்பலுக்கு. அந்தமான் கப்பல்கள் இந்தியக் கொடி, அதனால் இந்த அளவோடு தப்பித்தீர்கள். 2022-இல் நம் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் பயணம் தொடங்கியதும் இதே கேள்வியை ஆளாளுக்குக் கேட்டார்கள். அந்த மாதிரிக் கப்பல்கள் பல பஹாமாஸ், பனாமா, மால்டா கொடியில் ஓடுபவை. அப்படியானால் அந்த நாட்டின் அனுமதி வேண்டும். அமெரிக்காக்காரரும் ஜெர்மன்காரரும் செப்ட் என்ற ஐரோப்பிய அமைப்பின் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பல நாடுகளில் தனி லைசென்ஸ் இல்லாமல் இயக்குகிறார்கள். இந்தியா அதில் இல்லை. அவர்கள் யூடியூபில் போடும் கப்பல் வீடியோவைப் பார்த்துவிட்டு நாம் பை கட்டக் கூடாது.

காசிமேடு விசைப்படகு:
ஹாம் சமாச்சாரம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் போட் ஓட்டுகிறோம். ஹேண்டி என்று ஒன்று சொன்னீர்களே, ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் சீன செட்டா? அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அந்த செட்டில் 136 முதல் 174 வரை எங்கே வேண்டுமானாலும் பேசலாம். எங்கள் படகுகளில் இருக்கும் வயர்லெஸும் அதற்குள்தான் வருகிறது. அது ஒரு நேரத்தில் ஒருவர் பேசும் சேனல். கல்யாண மண்டபத்தில் ஒருத்தன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டால் மற்றவர் எல்லாரும் வாயை மூட வேண்டியதுதானே, அந்தக் கதைதான். பட்டன் அழுந்தியபடி பைக்குள் கிடந்தால்கூடப் போதும், சுற்றுவட்டாரத்தில் இன்ஜின் நின்றுபோய் உதவி கேட்பவன் குரல் வெளியே வராது. மேல் தளத்தில் நின்றால் கரையில் நிற்பதைவிட இன்னும் தூரம் போகும். நீங்கள் லைசென்ஸ் வைத்திருப்பவர், ஒழுங்காக இருப்பீர்கள். கப்பலில் பிள்ளைகள் எடுத்து விளையாடினால்?

பெரம்பூர் பீக்கான்:
அண்ணே, ஆமாம், சீன செட்தான். என்னுடையதில் 144 முதல் 146 வரைக்கு மட்டும் பூட்டி வைத்திருக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வதை மறுக்க முடியவில்லை.

வியாசர்பாடி வாணி:
விசைப்படகு அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. 2025-இல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வாக்கி டாக்கி விற்கும் ஆன்லைன் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. லைசென்ஸ் தேவையா இல்லையா என்றுகூடச் சொல்லாமல் விற்றார்கள். அதற்குப் பிறகு சோதனை நடக்கும் இடங்களில் எல்லாருக்கும் இந்தச் சாமான் மேல் ஒரு கண். 2024 டிசம்பரில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகளை நம் விமான நிலையங்களில் பிடித்தது ஞாபகம் இருக்கும். அவர்கள் ஊரில் அது மலையேறுபவர்கள் பையில் சாதாரணமாகக் கிடப்பது.

என் சொந்த அனுபவமும் சொல்லிவிடுகிறேன். ஒரு விமான நிலையத்தில் என் ரிக்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். லைசென்ஸ் நகலைக் காட்டினால், ஹாம் லைசென்ஸ் என்றால் என்ன என்பதிலிருந்து பாடம் நடத்த வேண்டியிருந்தது. விமானம் கிளம்பும் நேரத்துக்குத்தான் விட்டார்கள். கணவரும் மாமியாரும் என்னைப் பார்த்த பார்வை தனிக் கதை.

அதற்காக விடுமுறைக்கு ரேடியோவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஏற்காடு, ஏலகிரி, கொல்லிமலை போகும்போதெல்லாம் நான் கொண்டுபோகிறேன். தூண்டில் கம்பு ஒன்றை நட்டு, 20 மீட்டர் பேண்டுக்குப் பத்து மீட்டர் கம்பி கட்டி, மற்றவர்கள் தூங்கி எழுவதற்குள் பேசி முடித்துவிடுவேன். காலை உணவுக்கு முன்னால் என்றால் யாரும் குறை சொல்வதில்லை. கப்பலில் அப்படி ஒதுங்க இடமே கிடையாது. சுற்றி நூறு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், பத்து பேர் போட்டோ எடுப்பார்கள், ஒருவர் போய்ப் புகார் சொல்வார்.

பேட்டரி விஷயம்: திரும்பும்போது விமானம் என்கிறீர்கள். தனி லித்தியம் பேட்டரி செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-ஹவருக்குள் என்றால் தனி அனுமதி தேவையில்லை, 160 வரை விமான நிறுவனத்தைக் கேட்க வேண்டும். 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 76.8 வாட்-ஹவர், பிரச்சினை இல்லை. அதையே 12 ஆம்பியர்-ஹவர் வாங்கியிருந்தால் 153.6, கேட்டுவிட்டுத்தான் கொண்டுபோக வேண்டும்.

ராயபுரம் மார்க்கோனி:
எல்லாரும் பயமுறுத்தியாகிவிட்டதா? இப்போது நான் சொல்கிறேன். 2004 டிசம்பரில் அந்தமானில் என்ன நடந்தது? பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் குழு ஒன்று போர்ட் பிளேர் போய் வியூ4ஆர்பிஐ என்ற கால் சைனில் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. 26-ஆம் தேதி சுனாமி. தொலைபேசி போனது. அந்த ரேடியோக்கள்தான் தீவுக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவில் செய்தி சுமந்தன. பொழுதுபோக்குக்கு எடுத்துப் போன சாமான்தானே அது? அன்றைக்கு நம் காசிமேட்டுக் கரையும் எர்ணாவூரும் பட்ட பாடு இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெட்டியில் ரேடியோ இருந்தால் இருக்கட்டும் என்கிறேன்.

எண்ணூர் ஈடிஓ:
சார், அந்தக் குழுவை எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் எடுத்த உதாரணமே என் பக்கம்தான் பேசுகிறது. பல ஆண்டு யாரும் இயக்காமல் கிடந்த தீவு அது, முறையாக அனுமதி வாங்கித்தான் போனார்கள். கால் சைன் கையில் இருந்தது, ஸ்டேஷன் நிலத்தில் இருந்தது, கூட அனுபவம் உள்ள ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் 26-ஆம் தேதி அவர்களை நம்பி உதவி பெற முடிந்தது. அனுமதியில்லாத பையோடு சுற்றும் பயணியை நம்பி யார் தேடி வருவார்கள்? வந்தால் வேறு காரணத்துக்காக வருவார்கள். 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு நம் கடற்கரையில் வயர்லெஸ் என்றாலே போலீஸ் எப்படிப் பார்க்கும் என்று உங்கள் வயதுக்காரருக்கு நான் சொல்வதா?

ராயபுரம் மார்க்கோனி:
அனுமதி வாங்காமல் போ என்று நான் எங்கே சொன்னேன்? வாங்கிக்கொண்டு போ என்கிறேன். நீங்கள்தான் அனுமதி என்ற சொல்லையே கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போடுகிறீர்கள்.

மணலி கேட்பவன்:
ஒரு சின்ன யோசனை. அனுப்புவதை விட்டுவிட்டுக் கேட்டால் என்ன? பாக்கெட் ஷார்ட்வேவ் ரேடியோ ஒன்றை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. கரை இரைச்சல் போனதும் இரவில் கேட்கும் நிலையங்களே தனி ரகம். அமெச்சூர் பேண்டில் எஸ்எஸ்பி (ஹாம்கள் குரலில் பேசும் முறை) பிடிக்கும் மாடலாக இருந்தால் நம் ஹாம்கள் காலையில் கூடிப் பேசும் நெட்டையும் கேட்கலாம், எந்த நாளில் சென்னை மறைகிறது என்று குறித்து வரலாம். எனக்கு அதுவே போதும்.

காசிமேடு விசைப்படகு:
இது ஒன்றுதான் உருப்படியான பேச்சு.

ராயபுரம் மார்க்கோனி:
கேட்பது மட்டும் போதுமென்றால் நாம் ஏன் மோர்ஸ் படித்துப் பரீட்சை எழுதினோம்?

வியாசர்பாடி வாணி:
மார்க்கோனி சார், நீங்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை. பீக்கான் கேட்ட கேள்வியில் யாரும் தொடாத வரி ஒன்று இருக்கிறது. "ரேடியோவா நாங்களா" என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள், "அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். என்ன பார்ப்பீர்கள்? மூன்று நாள் கடலில் கூட்டிப்போய்விட்டு, கேப்டன் அறை வாசலில் பேப்பரோடு நிற்கப் போகிறீர்களா? பொண்ணுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்தால் அப்போதும் எஃப்டி8 (கணினி வழியாகச் செய்தி அனுப்பும் முறை) ஓடிக்கொண்டிருக்குமா? அனுமதி கிடைத்தாலும் இதற்கு ஒரு பதில் வேண்டும்.

பெரம்பூர் பீக்கான்:
அக்கா, இந்த இழையை வீட்டில் காட்டியது தப்பாகிவிட்டது. உங்கள் பதிவை மட்டும் இரண்டு தரம் வாசித்தார்கள்.

சரி, இதுவரை செய்தது. உரிமம் தரும் டபிள்யூபிசிக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கினேன். கேப்டனின் சம்மதக் கடிதம் இணைக்க வேண்டும். கப்பல் அலுவலகத்தில் கேட்டால், எந்தத் தேதியில் எந்தக் கப்பல் போகும் என்பதே கடைசி நேரத்தில்தான் உறுதியாகும், கேப்டன் பெயரை இப்போதே எப்படிச் சொல்வது என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

எண்ணூர் ஈடிஓ:
இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

ராயபுரம் மார்க்கோனி:
நீங்கள் சொன்னது வேறு. தொழில்நுட்பத்தால் ஆகாது என்றீர்கள். இங்கே நிற்பது காகிதத்தால். இது சரிசெய்யக் கூடிய காகிதம். கேப்டன் பெயருக்குப் பதில் கப்பலை நடத்தும் நிர்வாகத்தின் கடிதம் போதுமா என்று எழுதிக் கேளுங்கள் பீக்கான். மறுத்தால் எழுத்தில் மறுக்கட்டும், அடுத்து போகிறவனுக்காவது தெரியும். ரிக்கை மட்டும் அனுமதியில்லாமல் துறைமுகக் கேட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டாம், அதில் நானும் ஈடிஓவும் ஒரே கட்சி.

பெரம்பூர் பீக்கான்:
எழுதிப் போட்டுவிட்டேன் சார். ஹேண்டி வீட்டில்தான், விசைப்படகு அண்ணனுக்கு வாக்கு. பதில் வரவில்லை என்றால் எச்எஃப் ரிக்கும் வீட்டில். மணலிக்காரரே, எஸ்எஸ்பி பிடிக்கும் ரேடியோ எது நல்லது? மகள் தனக்கும் ஒரு இயர்போன் வேண்டும் என்கிறாள், இரண்டு பேர் ஒன்றாகக் கேட்க வழி இருக்கிற மாடலாகப் பார்த்துச் சொல்லுங்கள்.