இரட்சிப்பின் நிச்சயம் இல்லாத அப்பாவிடம் என்ன சொல்வது?

மணிச்சத்தம்:
எல்லாருக்கும் தோத்திரம். தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா எங்கள் சபையில் கோயில்குட்டியாக இருந்தவர். மணி அடிப்பது, பெஞ்சு துடைப்பது, அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, விறகு சேர்ப்பது எல்லாம் அவர்தான். இப்போது சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் இருக்கிறார். போன மாதம் ஒரு ஜெபக்குழு பார்க்க வந்தது. "ஐயா, இன்று ராத்திரி மரித்தால் எங்கே போவீர்கள்?" என்று கேட்டார்கள். "அது கர்த்தருக்குத்தான் தெரியும்" என்றார் அப்பா. "எந்த வருஷம் இரட்சிக்கப்பட்டீர்கள்?" என்றார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மனந்திரும்பி இயேசுவை ஏற்றுக்கொண்ட தேதி தெரியாதவருக்கு இரட்சிப்பு இல்லை என்று சொல்லி, ஜெபித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் இல்லை. நேற்று என்னிடம், "ஏம்மா, இத்தன வருஷம் மணி அடிச்சேனே, அது ஒண்ணும் கணக்குல வராதா?" என்று கேட்டார். வராது என்றால் உடைந்துபோவார். வரும் என்றால் அது சுவிசேஷம் இல்லை. நான் என்ன சொல்லட்டும்? எந்தப் பகுதியை வாசித்துக் காட்டட்டும்?

எல்ரோயி:
சகோதரி, 1 யோவான் 5:13 வாசியுங்கள். நித்தியஜீவன் உண்டென்று நாம் அறியும்படிக்கே யோவான் எழுதியிருக்கிறார். ஆகவே "தெரியாது" என்பதோடு விட்டுவிடக் கூடாது. அப்பாவைப் பாவ அறிக்கை ஜெபம் செய்யவைத்து, அந்தத் தேதியை வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். சந்தேகம் வரும்போது எடுத்துக் காட்டலாம்.

பெத்தானியா:
தங்கச்சி, நான் ஓய்வுபெற்ற நர்ஸ். ஆண்கள் வார்டில் நைட் டியூட்டி நிறையப் பார்த்தவள். அப்பா கேட்டதை நடுராத்திரியில் பல பெரியவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முதலில் ஒன்று: தூக்கம் இல்லாததை டயாலிசிஸ் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். யூரியா ஏறினாலே தூக்கம் கெடும், மனம் கலங்கும். பயம் எல்லாவற்றையும் விசுவாசக் குறைவு என்று எழுதிவிடக் கூடாது.

அப்புறம் அந்தத் தேதி. பவுலுக்குத் தேதி இருந்தது, தமஸ்கு வழியில் ஒரு நண்பகல். ஆனால் அவருடைய சீடன் தீமோத்தேயுவுக்கு? பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் உனக்குள்ளும் இருக்கிறதென்று நிச்சயித்திருக்கிறேன் என்றுதான் பவுல் அவனுக்கு எழுதுகிறார். சிறுவயது முதல் வேத எழுத்துக்களை அறிந்த பிள்ளை அவன். "நீ எந்த நாளில்?" என்று பவுல் கேட்கவே இல்லை. 2 தீமோத்தேயு முதல் அதிகாரத்தில் தன்னைப் பற்றிச் சொல்லும்போதும், "நான் விசுவாசித்திருக்கிறவர் இன்னார் என்று அறிவேன்" என்கிறார். அப்பாவிடமும் யாரை நம்புகிறார் என்று கேளுங்கள். எவ்வளவு நம்புகிறார், எப்போதிருந்து நம்புகிறார் என்று கேட்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. "இம்மானுவேலின் இரத்தத்தால் நிறைந்த ஊற்றுண்டே" என்று நம் சபைகளில் பாடுகிறோமே, அதன் ஆங்கில மூலத்தை எழுதியவர் வில்லியம் கூப்பர். இங்கிலாந்தில் ஓல்னி என்ற ஊரில் இருந்த கவிஞர். அந்தப் பாட்டை எழுதிய கொஞ்ச காலத்திலேயே, 1773-இல், அவருக்குக் கடுமையான மனநோய் வந்தது. தேவன் தன்னைத் தள்ளிவிட்டார் என்ற எண்ணம் 1800-இல் சாகும்வரை அவரை விடவில்லை. அவ்வூர் குருவானவர் ஜான் நியூட்டன் அவரை ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். கூப்பருக்குக் கடைசிவரை நிச்சயம் இல்லை. அதனால் அவருக்கு இரட்சிப்பும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. "என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை" என்று சொன்னவர் கர்த்தர். வருகிறவன் திடமாக வரவேண்டும் என்று அங்கே எழுதியில்லை. எல்ரோயி தம்பி, 1 யோவான் 5:13 எனக்கும் பிரியமான வசனம்தான். அதை ஆறுதலாகக் கொடுங்கள், பரீட்சையாக வைக்காதீர்கள்.

அமலியின் மகன்:
நான் கத்தோலிக்கன், ஒரு வார்த்தை சொல்லலாமா? எங்கள் திருச்சபை ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1547-இல், தான் கடவுளின் அருளைப் பெற்றுவிட்டதாக ஒருவர் தவறவே முடியாத உறுதியோடு அறிய முடியாது என்று போதித்தது. அதனால் நாங்கள் பயத்திலேயே வாழ்கிறோம் என்று அர்த்தமில்லை. 1431-இல் புனித ஜோன் ஆஃப் ஆர்க்கிடம், "நீ அருள்நிலையில் இருக்கிறாயா?" என்று விசாரணையில் கேட்டார்கள். "இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக, இருந்தால் அதிலேயே காப்பாராக" என்றார். உங்கள் அப்பா சொன்ன "கர்த்தருக்குத்தான் தெரியும்" எனக்கு அப்படித்தான் கேட்கிறது. அது நம்பிக்கை இல்லாதவர் பேச்சு இல்லை, அம்மா.

எல்ரோயி:
பெத்தானியா அக்கா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் இப்படியே ஆறுதல் சொல்லிக்கொண்டு போனால் எபிரெயர் 6:4-6 என்ன ஆவது? மறுதலித்துப் போகிறவர்களைப் பற்றி அவ்வளவு கடுமையாக எழுதியிருக்கிறதே. பெயருக்குக் கிறிஸ்தவர்களாய் இருப்பவர்கள் தூங்கிவிட மாட்டார்களா?

பெத்தானியா:
சரியான கேள்வி தம்பி. அந்த எச்சரிப்பை நானும் குறைக்க மாட்டேன். தெரிந்தே கிறிஸ்துவை விட்டுப் போகிறவனுக்கு அது வேண்டும். தள்ளப்பட்டுவிடுவேனோ என்று கண்ணீரோடு கிடக்கிறவர் அந்த ஆள் இல்லை. ஆறாம் வசனத்தோடு நிறுத்தாமல் மேலே வாசியுங்கள். ஒன்பதில், இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடத்தில் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்கிறார். பத்தில், பரிசுத்தவான்களுக்கு ஊழியஞ்செய்ததையும் தமது நாமத்திற்காகக் காண்பித்த அன்புள்ள பிரயாசத்தையும் "மறந்துவிடுகிறதற்கு தேவன் அநீதியுள்ளவரல்லவே" என்கிறார்.

தங்கச்சி, அப்பாவின் கேள்விக்குப் பதில் இதுதான். மணி அடித்ததால் பரலோகம் கிடைக்காது. சிலுவையில் தொங்கின கள்ளன் ஒரு மணியும் அடிக்கவில்லை, அவனுக்கும் பரதீசு கிடைத்தது. அந்த வாசல் கிருபை மட்டும்தான், அப்பாவுக்கும் அதே வாசல்தான். ஆனால் அவர் அடித்த மணியைத் தேவன் மறக்கவும் மாட்டார். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், இந்த வரிசையிலேயே சொல்லுங்கள்.

மணிச்சத்தம்:
அக்கா, நன்றி. லூக்கா 23-ஐயும் எபிரெயர் 6:10-ஐயும் இன்று வாசித்தேன். அப்பா பத்தாம் வசனத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அப்ப அந்தக் கள்ளனும் நானும் ஒண்ணுதான்" என்றார். ஆமாப்பா என்றேன். தூக்கத்தைப் பற்றி அடுத்த டயாலிசிஸில் டாக்டரிடம் கேட்கிறேன். நற்கருணை கொடுக்க எங்கள் சபைக் குருவானவர் ஐயரும் வீட்டுக்கு வருகிறார். ஜெபக்குழு மறுபடி வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வரட்டும், பாடி ஜெபித்துவிட்டுப் போகட்டும், அப்பாவிடம் கேள்வி மட்டும் வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடப் போகிறேன்.