2011-இல் வாங்கிய சர்வரை விஎம் (விர்ச்சுவல் மெஷின்) ஆக்க வேண்டும்: ஓடும்போதே டிஸ்க் நகல் எடுக்கலாமா, அணைத்துவிட்டு எடுக்கலாமா?

ரைஸ்மில்_சிஸ்டம்ஸ்:
வணக்கம் நண்பர்களே. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எடைமேடை, நெல் கொள்முதல், சம்பளம் எல்லாமே 2011-இல் வாங்கிய ஒரே டவர் சர்வரில் ஓடுகின்றன. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2, டேட்டாபேஸுக்கு எஸ்கியூஎல் சர்வர் 2008, மூன்று 146 ஜிபி டிஸ்க் போட்டு ரெய்டு 5 (பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை). போன வியாழக்கிழமை நடு டிஸ்கில் ஆரஞ்சு விளக்கு எரிய ஆரம்பித்தது, இன்னும் அணையவில்லை. சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவர் இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லை, இன்ஸ்டால் சிடியும் கிடையாது, அதனால் புதிதாக நிறுவ வழியில்லை. புது மெஷினில் பிராக்ஸ்மாக்ஸ் (ஒரே மெஷினுக்குள் பல கம்ப்யூட்டர்களை விஎம்களாக, அதாவது சாஃப்ட்வேராகவே ஓட்டும் சிஸ்டம்) போட்டு வைத்திருக்கிறேன். சர்வரை அணைத்துவிட்டு டிஸ்கை நகலெடுக்கும் குளோன்ஜில்லாதான் சுத்தமான வழி என்கிறார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் லாரி வராது, அந்த நேரம்தான் கையில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

டெல்டா_அட்மின்:
சார், தயவுசெய்து அணைக்காதீர்கள். ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டாவது போனால் மொத்தமும் போச்சு. மீதி இரண்டும் அதே வயது, வருடக்கணக்காக நிற்காமல் சுழல்பவை, ஒருமுறை நின்று சூடு ஆறிவிட்டால் திரும்பச் சுழலும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஞாயிறு வரைக்கும் காத்திருக்காமல் இன்றைக்கே எஸ்கியூஎல் பேக்கப் எடுத்து வேறு கம்ப்யூட்டரில் வையுங்கள்.
அப்புறம் டிஸ்க்2விஹெச்டி, விண்டோஸ் ஓடும்போதே டிஸ்கை ஒரு இமேஜ் ஃபைலாக (முழு நகலாக) எடுக்கும் கருவி. சி, டி டிரைவ்களோடு பெயரில்லாத 100 எம்பி ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ பகுதி ஒன்று பட்டியலில் இருக்கும், அதையும் டிக் செய்ய வேண்டும். நிறைய பேர் அதை விட்டுவிட்டு விஎம் பூட் ஆகவில்லை என்று வந்து நிற்பார்கள், ஏனென்றால் பூட் ஃபைல்கள் அதில்தான் இருக்கின்றன. வெளி டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும், ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் என்றால் 200 ஜிபிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

லினக்ஸ்_நெல்லை:
எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்த இமேஜை நான் நம்ப மாட்டேன். இந்தக் கருவி முதலில் ஷேடோ காப்பி (அந்த நொடியில் டிஸ்க் இருந்த நிலையின் பதிவு) எடுக்கும், அந்த நொடிக்குப் பிறகு பதிவான எடை எதுவும் இமேஜில் வராது. ஆனால் டிஸ்க் இந்த நிலையில் இருக்கும்போது டெல்டா சொல்வதுதான் சரி. ஒரே ஒரு திருத்தம்: இமேஜ் எடுக்கும் முன் எஸ்கியூஎல் சர்வீஸை நிறுத்திவிடுங்கள், விஎம் சரியாக ஓடுகிறது என்று தெரியும் வரை பழையதில் ஒரு பதிவும் போட விடாதீர்கள்.
பிராக்ஸ்மாக்ஸில் பயோஸுக்கு சீபயோஸ் (பழைய வகை பூட் முறை) வையுங்கள், டிஸ்கை ஐடிஇ (பழைய வகை டிஸ்க் இணைப்பு) ஆக இணையுங்கள். நேராக விர்டியோ (விஎம்களுக்கென்றே உள்ள வேகமான டிஸ்க் இணைப்பு) போட்டால் நீலத்திரையில் 7பி எர்ரர்தான் (பூட் டிஸ்கை அணுக முடியவில்லை) வரும், அந்த டிரைவர் விண்டோஸில் இன்னும் இல்லை. ஐடிஇயிலும் அதே எர்ரர் வரலாம், உங்கள் சர்வர் இதுவரை ரெய்டு கார்டில்தானே பூட் ஆனது. அதனால் இமேஜ் எடுக்கும் முன்பே ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் இடம்) ஐடிஇ டிரைவர்களான இன்டெல்ஐடிஇ, ஏடாபி சர்வீஸ்களின் ‘ஸ்டார்ட்’ மதிப்பை 0 ஆக்கிவிடுங்கள். விர்டியோவுக்குப் பிறகு மாறலாம், ஆனால் 2008 ஆர்2-வுக்குப் புது விர்டியோ டிரைவர் ஐஎஸ்ஓ (சிடி இமேஜ்) உதவாது, 0.1.173 பதிப்பைத் தேடி எடுங்கள்.

காரைக்கால்_நெட்வொர்க்:
எடைமேடை எப்படி இணைந்திருக்கிறது? சீரியல் போர்ட் என்றால் யுஎஸ்பி மாற்றி வாங்கி, அதை பிராக்ஸ்மாக்ஸில் விஎம்முக்குக் கொடுத்து, விண்டோஸுக்குள் பழைய காம் நம்பரையே (சீரியல் போர்ட்டின் எண்) வையுங்கள். டாங்கிள் (சாஃப்ட்வேர் லைசென்ஸுக்கான யுஎஸ்பி சாவி) இருந்தால் அதையும் அப்படியே கொடுக்கலாம். முதல் பூட்டில் நெட்வொர்க்கைத் துண்டித்து வையுங்கள், ஒரே பெயரில் ஒரே ஐபியில் இரண்டு சர்வர் வேண்டாம். ஐபி போடும்போது இது வேறொரு அடாப்டருக்கு ஏற்கெனவே கொடுத்தது என்று சொல்லும். மறைந்திருக்கும் பழைய நெட்வொர்க் கார்டுதான் அது, டிவைஸ் மேனேஜரில் காட்டவைத்து நீக்கிவிடுங்கள்.
விண்டோஸ் ஓஇஎம் லைசென்ஸ் (சர்வரோடு சேர்ந்தே வந்தது) என்றால் அது அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் சொந்தம், முதலாளியிடம் புது லைசென்ஸ் பற்றி முன்கூட்டியே பேசுங்கள். 2008 ஆர்2-வுக்கு 2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்துவிட்டது, எனவே அந்த விஎம்முக்கு இன்டர்நெட் கொடுக்காதீர்கள்.

ரைஸ்மில்_சிஸ்டம்ஸ்:
எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. சர்வரை அணைக்காமலே இமேஜ் எடுத்தேன், மூன்று மணி நேரம் ஆனது. ஐடிஇயில் முதல் தடவையே பூட் ஆனது. இன்று காலை ஆறே முக்காலுக்கு முதல் நெல் லாரி எடைமேடையில் ஏறியது, திரையில் எடை வந்துவிட்டது. ஆனால் ரசீதில் நேரம் 1.15 என்று அச்சாகிறது, நேரத்தைத் திருத்தினாலும் விஎம்மை நிறுத்திப் போட்டால் பழையபடி ஆகிவிடுகிறது.

லினக்ஸ்_நெல்லை:
சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால், அதாவது இந்திய நேரம் இல்லை, யூடிசி (உலகப் பொது நேரம்). விஎம் உருவாக்கும்போது ஓஎஸ் டைப்பை லினக்ஸ் என்று விட்டிருப்பீர்கள். விண்டோஸ் என்று மாற்றி, விஎம்மை முழுவதும் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். காலையில் போட்ட ரசீதுகளின் நேரத்தை டேட்டாபேஸிலும் பார்த்துத் திருத்திவிடுங்கள், விவசாயிகளுக்குப் பணம் கொடுப்பது அதை வைத்துத்தானே.