சைக்கிள் கடையில் நமக்கு நடந்தவை: டெல்டாக்காரர்களின் அனுபவங்கள்

தஞ்சாவூரிலிருந்து

காலையில் திருவையாறு வரை போய்த் திரும்ப ஒரு சைக்கிள் தேடிக்கொண்டிருந்தேன். அந்தச் சாலை நம்மில் பலருக்குப் பழக்கம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். பாலத்தில் ஏறி இறங்குவதைத் தவிர மேடு என்று சொல்ல எதுவும் இல்லை. அதனால் எனக்கு வேண்டியது எதுவென்று தெளிவாகவே இருந்தேன்: ஸ்பிரிங் இல்லாத முன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை), 700சி என்கிற பெரிய அளவுச் சக்கரம், மட்கார்டு, பின்னால் ஒரு கேரியர்.

கடையில் விற்பனைப் பையன் நேராக முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த டபுள் சஸ்பென்ஷன் வண்டியிடம் கூட்டிப் போனார். "டபுள் டிஸ்க் பிரேக் சார், 21 கியர் சார், இந்த ஆஃபர் இன்னைக்கு மட்டும்தான்." எங்கே ஓட்டப் போகிறேன், எவ்வளவு தூரம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்ட மாதிரி வண்டியைச் சொன்னேன். "அதெல்லாம் பழைய மாடல் சார், யாரும் வாங்குறதில்ல" என்றார். ஆனால் அதே மாதிரி வண்டி ஒன்று பின்வரிசையில் தூசி படிந்து நின்றது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம். அந்த விலையில் வரும் பின் சஸ்பென்ஷன் என்பது பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங்தான். பெடலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் வண்டி அமுங்கி எழும், நாம் மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். நம் ஊரில் மலை இல்லை, காற்றுதான் மலை. ஆடி மாதம் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூரைப் பார்த்து, அதாவது மேற்கே பார்த்து, ஒரு தடவை மிதித்தவருக்கு இது தொடையிலேயே தெரியும். அதற்காகக் கியரே வேண்டாம் என்று சொல்லவில்லை. எதிர்காற்றில் ஒன்றிரண்டு கியர் இறக்கி மிதிப்பது பெரிய உதவி. ஆனால் மலையேறுவதற்காக வைத்த முன்பக்கச் சின்னப் பல்சக்கரத்தை இங்கே எங்கே போய்ப் பயன்படுத்துவது?

ஓட்டிப் பார்க்கலாமா என்றேன். கடை வாசலில் ஒரு வட்டம் அடிக்கச் சொன்னார். டயரில் பாதிக் காற்றுதான் இருந்தது. என் உயரத்துக்கு எந்த அளவு ஃபிரேம் என்று கேட்டதற்கு, "சீட்டை ஏத்திக்கலாம் சார்" என்று பதில். அப்புறம் விலைக் கணக்கு வந்தது. வண்டி விலைக்கு மேல் ஃபிட்டிங் சார்ஜ், ஸ்டாண்டு, பெல், பூட்டு, பாட்டில் கூடு எல்லாம் கேட்காமலே கணக்குச் சீட்டில் ஏறியிருந்தன. எது வேண்டாம் என்று சொன்னாலும், "செட்டாதான் சார் வரும்" என்றார். சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வண்டியில் இருந்ததோ பழைய விலை ஸ்டிக்கர். அதைச் சுட்டிக்காட்டி, முறையான பில்லில் என்ன விலை வரும் என்று கேட்டதும், "பில் இல்லாம எடுத்தா இன்னும் குறைச்சுத் தர்றேன்" என்றார். பில் இல்லாமல் வாங்கினால் நாளைக்கு ஃபிரேம் விரிசல் விட்டால் எந்தக் காகிதத்தைக் காட்டி வாரண்டி கேட்பது? கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள், நல்லது கெட்டது இரண்டையும். கடைப் பெயர் வேண்டாம், நடந்தது மட்டும் போதும்.

கும்பகோணத்திலிருந்து

எனக்கு வாங்குவதில் பிரச்சினை இல்லை, சர்வீஸில்தான். ஏழு கியர் வண்டி. நடுக் கியரில் மிதித்தால் செயின் தாவிக்கொண்டே இருந்தது. வண்டி வாங்கிய பெரிய கடையிலேயே விட்டேன். சாயந்திரம் போன் வந்தது: செயின், பின் ஃப்ரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு), முன் பல்சக்கரம் எல்லாம் மாற்ற வேண்டும், பாதி வண்டி விலை ஆகும். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "பார்த்தாலே தெரியுது சார்."

வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு மகாமகக் குளத்துப் பக்கம் மரத்தடியில் கடை போட்டிருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் முதலில் செய்தது, பெட்டியிலிருந்து ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்ததுதான். செயினில் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து, செயினை இழுத்துப் பிடித்து, பன்னிரண்டாவது அங்குலத்தில் என்ன இருக்கிறது என்று என்னையே பார்க்கச் சொன்னார். பின்னின் நடு சரியாகக் கோட்டில் நின்றது. "ஒரு கண்ணி அரை அங்குலம். 24 கண்ணிக்கு 12 அங்குலம். கோட்டைத் தாண்டி ஒரு நூல் போயிருந்தா செயினோட ஃப்ரீவீலும் தேஞ்சிருக்கும். அரை நூல் போயிருந்தா செயினை மட்டும் மாத்தணும். உங்களுது புதுசு மாதிரி இருக்கு தம்பி" என்றார். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. தச்சுவேலை பார்க்கிறவர்களும் இந்தக் கணக்கில்தான் பேசுவார்கள்.

பிறகு வண்டிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கியர் மாற்றியைத் தாங்கும் சின்ன இரும்புக் காது உள்பக்கம் வளைந்திருந்தது. எங்கேயோ ஸ்டாண்டில் வண்டி சாய்ந்து விழுந்திருக்க வேண்டும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி, கேபிளை முறுக்கிச் சரிசெய்து, ஒவ்வொரு கியராகப் போட்டுக் காட்டினார். அவர் கேட்ட கூலியைவிட அதிகம் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார்.

பெரிய கடையில் இருப்பவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அளந்து பார்க்காமல் பாகத்தை மாற்றச் சொல்கிற கடையில் என் வண்டியை இனி விட மாட்டேன்.

மன்னார்குடியிலிருந்து

தஞ்சாவூர் அண்ணா எழுதியதைப் படித்ததும் எனக்கு நடந்ததைச் சொல்லத் தோன்றியது. பள்ளிக்கூடத்துக்குத் தினமும் போய்வர எனக்குத்தான் சைக்கிள். கூட வந்த என் தம்பியிடமே கடைக்காரர் பேசிக்கொண்டிருந்தார். நான் கேள்வி கேட்டால் பதில் அவனுக்குப் போகும். முன்னால் கூடை வைத்த இளஞ்சிவப்பு வண்டி ஒன்றுதான் எனக்கென்று காட்டப்பட்டது. கியர் வைத்தது வேண்டும் என்றேன். "அக்காவுக்கு எதுக்குங்க கியர், ஸ்கூட்டி எடுத்துக் குடுத்துருங்க" என்று மறுபடி தம்பியிடம் சொன்னார். தம்பிக்கே பொறுக்கவில்லை. "காசு குடுக்கிறது அவங்க, அவங்ககிட்ட பேசுங்க" என்றான்.

அடுத்த வாரம் திருவாரூரில் ஒரு கடைக்குப் போனேன். அங்கே கடைக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சேலை கட்டி ஓட்டுவீங்களா, சுடிதாரா?" அடுத்தது, "பையில எவ்வளவு கனம் இருக்கும்?" ஓட்டப் போகிறவளைப் பார்த்துக் கேட்ட கேள்விகள் அவை. வண்டியில் ஏறி உட்காரச் சொல்லி, குதிகாலைக் கீழ்ப் பெடலில் வைத்தால் கால் நேராக நிற்கும்படி சீட்டை வைத்தார். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியது, அதுதான் சரியான உயரமாம். இத்தனை வருடம் தாழ்ந்த சீட்டில் ஓட்டி முட்டி வலித்ததற்கு எந்தக் கடையும் இதைச் சொன்னதில்லை. செயின் முழுவதையும் மூடும் கவரும் பின்சக்கரத்துக்குச் சேலைக் காப்பும் போட்ட வண்டியைத்தான் வாங்கினேன். அது கடையிலேயே விலை குறைந்த வண்டிகளில் ஒன்று. அந்த அம்மா நினைத்திருந்தால் விலை கூடியதை என் தலையில் கட்டியிருக்கலாம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து

அப்பாவின் பழைய 28 அங்குல வண்டிக்கு டயர் வேண்டும் என்று போனேன். "28தானே" என்று ஒரு டயரைக் கொடுத்து, உள்ளே ஏறாதபோது, டயர் லீவரைப் போட்டு முறுக்கினார்கள். நான் நிறுத்தச் சொன்னேன். பழைய 28 இன்ட்டு ஒன்றரை ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். அவர்கள் கொடுத்தது 622. கியர் வண்டிகளில் 700சி என்றும் 29 என்றும் வருவது இந்த 622தான், சில கம்பெனிகள் அதையே 28 என்றும் போடுகின்றன. பதின்மூன்று மில்லிமீட்டர் சின்ன டயரை எந்த லீவரும் ஏற்றாது. 26லும் இதே குழப்பம் உண்டு: பழைய 26 இன்ட்டு 1⅜ என்பது 590, கியர் வண்டி 26 என்பது 559. டயரின் பக்கவாட்டில் 40-635 என்கிற மாதிரி அச்சிட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இதைச் சொன்னதும் கடைக்காரர், "இந்த டப்பா வண்டியை எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு எடுங்க" என்றார். அப்பா அதில் நெல் மூட்டை ஏற்றி வந்த வண்டி அது. சரியான டயர் மன்னார்குடியில் கிடைத்தது.

நாகப்பட்டினத்திலிருந்து

சுருக்கமாகச் சொல்கிறேன். "துருவே பிடிக்காது" என்று விற்றார்கள். ஃபிரேம் அலுமினியம், அது உண்மை. ஆனால் ஸ்போக்ஸ், செயின், போல்ட்டு எல்லாம் இரும்பு. வேளாங்கண்ணிச் சாலையில் கடற்காற்றிலேயே ஓட்டுகிறேன், ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் எல்லாம் செம்மண் நிறமாகிவிட்டது. துருவுக்கு வாரண்டி கிடையாது என்று அப்போதுதான் சொன்னார்கள். கடலோரத்தில் விற்பவர்கள் விற்கும்போதே இதைச் சொல்ல வேண்டாமா? இப்போது நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, சீட் கம்பிக்கும் பெடல் மரைக்கும் கிரீஸ் தடவி ஓட்டுகிறேன். இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பஞ்சர் கடைத் தம்பி.

பாபநாசத்துப் பக்கம், சைக்கிள் கடைக்காரர்

எல்லாவற்றையும் படித்தேன். எங்கள் கடை என் தாத்தா காலத்தில் வாடகை சைக்கிள் கடையாக ஆரம்பித்தது. மணிக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதி வாடகைக்கு விட்ட காலம் போய், இப்போது விற்பனையும் ரிப்பேரும். அதனால் எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நன்றாக விற்கிற மாடலைக் கேட்டால், விற்காத மாடலையும் சேர்த்து எடுக்கச் சொல்லுவார்கள், எங்களுக்கு வண்டி அனுப்புகிறவர்கள். அது கடையில் நின்றால் என் பணம் நிற்கிறது. அதைத்தான் பையன்கள் வருகிறவர்கள் மேல் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். காரணம் சொல்கிறேனே தவிர, அது சரி என்று சொல்லவில்லை. எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்காமல் வண்டியைக் காட்டக் கூடாது என்று என் கடையில் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஃபிட்டிங் சார்ஜ் பற்றிக் கேட்டிருந்தார்கள். வண்டி பெட்டியில் பாதி பிரித்த நிலையில் வருகிறது. ஹேண்டில்பார், முன்சக்கரம், பெடல் மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. சக்கரக் கோட்டம் எடுக்க வேண்டும், பிரேக் சரிபார்க்க வேண்டும், ஹப்பில் பால்ரஸ் இறுக்கம் பார்க்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் அரை நாள் போகும். அந்தக் கூலியைக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லி, பில்லில் எழுதிக் கேட்க வேண்டும். அரசு கொடுக்கும் இலவச சைக்கிள்களையும் பிள்ளைகள் வாங்கியவுடன் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். எல்லா நட்டும் ஒரு தடவை இறுக்கித் தருவேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை பஸ் இல்லாத கிராமத்திலிருந்து அதில்தான் வரப் போகிறது.

எந்த வண்டி வாங்கினாலும் கொஞ்ச நாள் ஓட்டியபின் கடைக்குத் திரும்பக் கொண்டுபோங்கள். புதுக் கேபிள் இழுபடும், ஸ்போக்ஸ் தளரும். அந்த முதல் சர்வீஸைச் செய்ய முகம் சுளிக்கும் கடை என்றால் அடுத்த வண்டிக்கு வேறு கடை பார்த்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர் விஷயம் ஒன்று. நம் பக்கம் வாய்க்கால் கரையெல்லாம் சீமைக் கருவேல முள். டியூபை மட்டும் ஒட்டி மாட்டிவிட்டால் சாயந்திரமே மறுபடி காற்று இறங்கும், முள்ளின் நுனி டயருக்குள்ளேயே நிற்கும். ஒட்டுகிறவர் டயரின் உள்பக்கம் முழுவதும் விரலால் தடவிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். என்னிடம் வேலை பழக வரும் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இதுதான். விரலில் முள் குத்தும், அழுவார்கள், அப்புறம் மறக்க மாட்டார்கள்.

மயிலாடுதுறையிலிருந்து

பாபநாசத்து அண்ணனுக்கு ஒரு கேள்வி. மழையில் சேறு ஏறி என் டிஸ்க் பிரேக் கத்தியது. கடையில் விட்டேன். அங்கே ஸ்பிரே எண்ணெயை டிஸ்க் தட்டிலேயே அடித்தார்கள், என் கண் முன்னால். இப்போது சத்தம் இன்னும் அதிகம், பிரேக்கும் பிடிக்கவில்லை. முன்னும் பின்னும் பிரேக் செட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பாபநாசத்துப் பக்கம், சைக்கிள் கடைக்காரர்

இல்லை தம்பி. முதலில் அந்த வண்டியை ஓட்டாதீர்கள், பிரேக் பிடிக்காமல் மெயின் ரோட்டுக்குப் போகவே வேண்டாம். தட்டை ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள், துணி கறுப்பாவது நிற்கும் வரை. தட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைதான் பேடு. எண்ணெய் குடித்த பேடு திரும்பத் தேறுவது கஷ்டம், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பேடு போடுங்கள். காலிப்பர் (பேடைத் தாங்கி அழுத்தும் பாகம்), லீவர், தட்டு எதையும் மாற்ற வேண்டியதில்லை. புதுப் பேடு போட்டதும் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஓட்டி, மெதுவாகப் பிரேக் பிடித்துப் பிடித்து விடுங்கள். கொஞ்ச நேரத்தில் பிடிப்பு வந்துவிடும். தட்டில் எண்ணெய் அடித்தது அந்தக் கடைதான் என்றால் பேடு காசை அவர்களிடமே கேளுங்கள். தயங்க வேண்டாம். தர மாட்டேன் என்றால் வண்டியை என்னிடம் கொண்டுவாருங்கள், பேடு விலை மட்டும் கொடுத்தால் போதும்.