ஹைலக்ஸ் பிக்கப்பின் பின் ஆக்சில் முறிந்தது: எதிலிருந்து பலப்படுத்தத் தொடங்குவது?

பரந்தன் பிக்கப்

வணக்கம். என்னிடம் 3.0 லீற்றர் டீசல் இயந்திரம் பூட்டிய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்று இருக்கிறது. கிழமை நாட்களில் வயலுக்கு உரமும் அறுவடைக் காலத்தில் நெல் மூடையும் ஏற்றும் வண்டிதான். இயந்திரக் கணினியை மாற்றி எழுதி, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக்கி, 402 மீற்றர் நேர்கோட்டு ஓட்டத்துக்கு ஆயத்தப்படுத்தியிருந்தேன். 343 நியூட்டன் மீற்றராக இருந்த முறுக்குவிசை இப்போது 450ஐ அண்டியிருக்கும் என்று அந்த வேலையைச் செய்தவர் சொன்னார்.

சென்ற மாதம் போட்டிக்காக மூடப்பட்ட ஓடுபாதையொன்றில், பின் சக்கர இயக்கத்தில் மட்டும் வைத்து இரண்டாம் முறை புறப்பட்டபோது, இடப்பக்க ஆக்சில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) டிஃபரன்சியலுக்குள், அதாவது விசையை இரு பின் சக்கரங்களுக்கும் பகிரும் கியர்த் தொகுதிக்குள், நுழையும் பல் வெட்டிய முனையில் முறிந்துவிட்டது. வண்டியை ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய கராச்சில் மூன்று யோசனைகள் சொன்னார்கள்: லேத்தில் தடித்த ஆக்சில் கடைவது, டிஃபரன்சியலின் உள் கியர்களை வெல்டிங் செய்து இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுவது, ஸ்பிரிங்கில் மேலதிகப் பட்டை சேர்ப்பது. மூன்றையும் செய்யப் பணம் இல்லை. எதை முதலில் செய்யலாம்?

முல்லைக் கராச்

தம்பி, யோசனைகளை ஒரு பக்கம் வையுங்கள். முறிந்த முகம் எப்படி இருக்கிறது? கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகளைப் போல வளைவு வளைவாகத் தெரிந்தால், அது பல நாட்களாக வளர்ந்த வெடிப்பு. மூடை ஏற்றிய காலத்திலேயே தொடங்கியிருக்கும். முகம் முழுவதும் ஒரே நிறமாக, புதிதாக இருந்தால் ஒரே அடியில் போயிருக்கிறது. வலப்பக்க ஆக்சிலையும் கழற்றி, அதன் பற்கள் நேராக இருக்கின்றனவா அல்லது முறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். புறப்படும்போது பின்புறம் துள்ளியதா? அச்சுக்கும் (ஆக்சில்களை மூடியிருக்கும் குழாய் உடல்) ஸ்பிரிங்குக்கும் இடையில் உயர்த்தும் கட்டை வைத்திருக்கிறீர்களா?

பரந்தன் பிக்கப்

முகம் புதிதாகத்தான் இருக்கிறது, அலைக்கோடு இல்லை. வலப்பக்கத்தின் பற்களும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முறுகியிருக்கின்றன. இரண்டு முறையும் கிளச்சை விட்டவுடன் பின்புறம் கட்டவிழ்த்த கன்று போலத் துள்ளியது. இரண்டாம் முறை அந்தத் துள்ளலின் நடுவில்தான் சத்தம் கேட்டது. இரண்டு அங்குலக் கட்டை வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் வயல் பாதையில் அடி தட்டாமல் இருப்பதற்காகப் போட்டது.

முல்லைக் கராச்

அப்படியானால் உங்கள் ஆக்சில் பலம் குறைந்ததால் முறியவில்லை, துள்ளியதால் முறிந்தது. கணக்கைப் பாருங்கள். முதல் கியரும் டிஃபரன்சியலும் சேர்ந்து முறுக்குவிசையை ஏறக்குறைய 16 மடங்காக்குகின்றன என்று வைத்தால், 450 என்பது 7,200 நியூட்டன் மீற்றர் ஆகிறது. ஆனால் புறப்படும்போது பின் அச்சில் 950 கிலோ பாரம் இருந்து, ரயரின் பிடிப்புக் கெழு 0.9 ஆகவும் சக்கரத்தின் ஆரை 0.37 மீற்றராகவும் இருந்தால், ரயர் சுழலத் தொடங்குவதற்கு முன் தாங்கக்கூடியது இரு பக்கமும் சேர்த்து 3,100 நியூட்டன் மீற்றர்தான். ஓர் ஆக்சிலுக்கு 1,550. அந்தச் சுமைக்கு ஹைலக்ஸின் ஆக்சில் முறியாது. துள்ளும்போது ரயர் நிலத்தை விட்டு வெறுமனே சுழன்று, வேகம் எடுத்த நிலையில் மறுபடி நிலத்தைப் பிடிக்கிறது. சுழலும் அத்தனை இரும்பும் அந்தக் கணத்தில் நிறுத்தப்படுகின்ற அடி, முதலில் பற்களைத் தாக்குகிறது.

துள்ளலுக்குக் காரணம், சக்கரம் முன்னோக்கிச் சுழல அச்சு பின்னோக்கித் திரும்பப் பார்த்து, ஸ்பிரிங் பட்டைகளை எஸ் வடிவில் வளைப்பது. பட்டை தாங்கமுடியாமல் அச்சை உதறித் தள்ளும், மறுபடி வளையும். நீங்கள் வைத்த கட்டை அந்த வளைவுக்கு நெம்புகோலாக உதவுகிறது. ஆகவே முதலில் கட்டையைக் கழற்றுங்கள். அச்சை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். பட்டைகளின் முன்பாதியைக் கிளாம்ப் போட்டுச் சேர்த்துக் கட்டி, பின்பாதியைச் சுதந்திரமாக விடுங்கள். மேலதிகப் பட்டை சேர்த்தால் துள்ளல் குறையலாம், ஆனால் வெறும் பெட்டியுடன் ஓடும்போது பின்புறம் விறைத்துப்போய் ரயரின் பிடிப்பும் குறைந்துவிடும்.

அதன்பின் ஒரு தடுப்புக் கம்பி. அச்சுக் குழாயின் மேலும் கீழும் இரண்டு பிடிகளை வைத்து முன்னோக்கிக் கொண்டுபோய், சேசிஸில் ஒரு ஷக்கிளில் (ஊசலாடும் இணைப்பில்) தொங்கவிடவேண்டும். முன்முனையை நேரடியாகச் சேசிஸில் இறுக்கினால், ஸ்பிரிங் ஏறி இறங்கும்போது முன்பின் நகரும் அச்சுக்கும் நீளாத கம்பிக்கும் இடையில் இழுபறி ஏற்பட்டு ஏதாவது ஒன்று கிழியும். இந்தப் பிழையைப் பல வண்டிகளில் பார்த்துவிட்டேன்.

மாங்குளம் லேத்

லேத் யோசனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது என் தொழில். போரின்போது இங்கே பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகள் நம்முடையவை. உழவு இயந்திரத்தின் பழைய தண்டைக் கடைந்து லொறிக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்த லொறி குழி பார்த்து ஊர்ந்து போனது. தொழிற்சாலை ஆக்சிலின் மேற்பரப்பு மின்தூண்டலால் கடினமாக்கப்பட்டு, உள்ளே இளக்கமாக விடப்பட்டிருக்கிறது. சாதாரண ஈ.என்.8 வகை உருக்குக் கம்பியைக் கடைந்தால் அந்தப் பதம் வராது. ஈ.என்.24 எடுத்தால், அமெரிக்கர்கள் ஓட்ட வண்டிகளுக்குப் பயன்படுத்தும் 4340 உருக்குக்கு அது இணையானதுதான்; ஆனால் பதப்படுத்தும் உலை இல்லாமல் அதன் பயன் பாதியாகிவிடும்.

தடிமனைப் பற்றி ஒரு விடயம். தண்டின் முறுக்குப் பலம் விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. விட்டத்தைப் பத்து வீதம் கூட்டினால் பலம் 33 வீதம் கூடும். ஆனால் பற்கள் நுழையும் டிஃபரன்சியல் கியரின் துளை மாறாதவரை, நடுப்பகுதியை எவ்வளவு தடித்தாலும் பல் முனை அதே அளவுதான். உங்களுடையது முறிந்தது அங்கேதான். ஆகவே அதே 30 பல்லில் தயாரித்த நல்ல ஆக்சில் ஒரு சோடி வாங்குங்கள். முறுகிய வலப்பக்கத்தை மீண்டும் பூட்டவேண்டாம்.

நெடுங்கேணி நான்கு சில்லு

வெல்டிங் செய்து பூட்டுவதுதான் மலிவு, அதில் இவ்வளவு தயக்கம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பலர் ஓட்டுகிறார்கள்.

முல்லைக் கராச்

ஓட்டுபவர்கள் அந்த வண்டியில் நெல் ஏற்றி ஏ9 வீதியில் வளைவு எடுப்பதில்லை. பூட்டிய அச்சு வளைவில் ரயரை இழுத்துத் தேய்க்கும், மழையில் பின்புறம் வழுக்கும். திறந்த டிஃபரன்சியல் இரு ஆக்சிலுக்கும் சமமாகப் பகிர்கிறது. பூட்டினால், ஒரு சக்கரம் நிலத்தை விட்டு எழும்பிய கணத்தில் முழுச் சுமையும் மற்றைய ஆக்சிலின் தலையில் விழும். மேலே சொன்ன கணக்கில் 1,550 இருந்த இடத்தில் 3,100 வரலாம். அமெரிக்காவின் நேர்கோட்டு ஓட்டப் போட்டி அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.யின் விதிகளும் ஸ்பூல் (இரு ஆக்சிலையும் ஒன்றாகப் பூட்டும் உறுப்பு) போட்ட வண்டிக்குத் தொழிற்சாலை ஆக்சிலை ஏற்பதில்லை. பிடிப்பு வேண்டுமென்றால் எல்.எஸ்.டி. (ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்சியல்) வாங்கக் காசு சேருங்கள்.

இன்னொன்று. இணையத்தில் ஃபோர்ட் வண்டிகளின் 8.8 அங்குல அச்சைப் பலப்படுத்துவதைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அதை அப்படியே ஹைலக்ஸில் செய்யாதீர்கள். அதன் நடுப்பகுதி வார்ப்பு இரும்பு, குழாய்கள் அதற்குள் அழுத்திச் செருகப்பட்டவை. ஆக்சிலைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே ஒரு சி வளையம், ஆக்சில் முறிந்தால் சக்கரமே வெளியே வந்துவிடும். ஹைலக்ஸில் வெளிமுனையின் பியரிங் தட்டு நான்கு நட்டுகளால் பிடித்திருக்கிறது, அச்சின் உடலும் அழுத்திய தகடு. ஆகவே தடுப்புக் கம்பியின் பிடிகளை வெல்டிங் செய்யலாம், ஆனால் ஓரங்குலம் ஓரங்குலமாக, மேலும் கீழும் மாறி மாறி, ஆறவிட்டுச் செய்யுங்கள். ஒரே பக்கம் சூடாக்கினால் குழாய் வாழைத்தண்டு போல வளையும்.

பரந்தன் பிக்கப்

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். கட்டையைக் கழற்றி, தடுப்புக் கம்பி போட்டு, புதிய ஆக்சில் சோடியைப் பூட்டினேன். உறவினர் ஒருவரின் மில் முற்றத்துக் கொங்கிறீற்றில் பல தடவை புறப்பட்டுப் பார்த்தேன். துள்ளல் இல்லை, ரயர் ஒரே சீராகச் சுழன்று பிடிக்கிறது. ஆனால் இடப்பக்கம் ஓயில் சீல் புதிதாக மாற்றியும் கசிகிறது, பிறேக் லைனர் நனைந்துவிட்டது.

மாங்குளம் லேத்

அச்சின் மேலே உள்ள மூச்சுக் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள், தம்பி. எங்கள் செம்மண் தூசியில் அது அடைபட்டால் உள்ளே சூடேறும் காற்றுக்கு வழியில்லாமல் சீலைத் தள்ளும். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்த நாட்களில் வெள்ளத்துக்குள் வண்டியை இறக்கியிருந்தால், சூடான அச்சு திடீரென்று ஆறித் தண்ணீரை உள்ளே இழுத்திருக்கவும் கூடும். ஓயிலை ஒரு வெள்ளைப் போத்தலில் வடித்துப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் முழுவதையும் மாற்றி, ஜி.எல்.5 தரத்தில் 85டபிள்யூ-90 கியர் ஓயில் ஊற்றுங்கள். முறிந்த பல்லின் துகள் இன்னும் அடியில் கிடக்கலாம். வடிக்கும்போது காந்தம் ஒன்றை உள்ளே விட்டுத் துழாவுங்கள். நனைந்த லைனரைக் கழுவிப் போடவேண்டாம், இரண்டு பக்கமும் புதிதாகவே மாற்றுங்கள்.

பரந்தன் பிக்கப்

குழாய் குளவி மண் கூட்டால் முழுவதும் அடைபட்டிருந்தது. ஓயில் நிறம் நல்லது. காந்தத்தில் அரிசி அளவில் இரண்டு துண்டுகள் வந்தன.