11 பேரில் இருந்து 18 பேர்: யாரை முதலில் எடுப்பது, யார் யாருக்குக் கீழே?

மாக்கடை, களுவாஞ்சிக்குடி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மட்டக்களப்புப் பக்கம் அரிசி மா, குரக்கன் மா, மிளகாய்த்தூள் பைக்கற் பண்ணி விற்கிறேன். 2016இல் குசினிக்குப் பின்னால் ஒரு சின்ன மில்லோடு, நானும் பக்கத்து வீட்டு அக்காவும் தொடங்கியது. இப்போது 11 பேர் வேலை செய்கிறார்கள். வறுக்க 2 பேர், அரைக்க ஒருவர், ஊறப்போட்டு அரிக்க 2 பேர், பைக்கற் பண்ண 4 பிள்ளைகள், முன்கடையில் ஒரு பிள்ளை, லொறியில் ஏற்றி இறக்க ஒரு தம்பி. லொறி ஓட்டுவது என் கணவர். அரிசி வாங்குவது, விலை பேசுவது, கடன் கொடுப்பது, சம்பளம், சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பதில் சொல்வது எல்லாம் நான்.

கல்முனையில் மொத்த வியாபாரி ஒருவர் இப்போது எடுப்பதைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார். ஏறாவூரிலும் கேட்கிறார்கள். இன்னொரு வறுக்கிற டிரம் வாங்க யோசித்திருக்கிறோம். ஆனால் எனக்குப் பயம் காசில் இல்லை, ஆட்களில்.

போன மார்கழியில் டெங்கு வந்து 9 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வறுத்த மாவை அள்ளி விட்டால் கோலப்பொடி போல் கோடாக விழ வேண்டும், நிறம் மாறக் கூடாது. அந்த நேரத்தில் "போதும், இறக்குங்கள்" என்று சொல்வது எப்போதும் நான்தான். வறுக்கிற இருவருக்கும் 5 வருட அனுபவம் இருக்கிறது, ஆனாலும் என் முகத்தைப் பார்த்துத்தான் இறக்குவார்கள். மூன்றாம் நாள் 40 கிலோ சிவந்து போயிருக்கிறது. அதை விற்கக் கூடாது என்று சொல்லவும் ஆள் இல்லை. பைக்கற்றாகிப் போய், மூன்று கடைகளில் இருந்து திரும்பி வந்தது.

கணவரின் தம்பி கட்டாரில் இருந்து வந்துவிட்டார். நல்ல பிள்ளை. அவரை மனேஜராகப் போடச் சொல்லி வீட்டில் சொல்கிறார்கள். அக்கா முதல் நாளில் இருந்து என்னோடு நிற்கிறவர், ஆனால் எழுத்து வேலை அவருக்குப் பிடிக்காது. ஒரு கொப்பியில் படம் கீறிப் பார்த்தேன். என் பெயரில் இருந்து 11 கோடு போனது. கணவரின் பெயரை எங்கே எழுதுவது என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டேன்.

இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள். எத்தனை பேர்? யார் முதலில்?

படுவான்கரை ஆலை

தங்கச்சி, வாவிக்கு அந்தப் பக்கம் 20 வருடம் நெல் ஆலை நடத்தியவன் நான். 8 பேரில் தொடங்கி மூன்று வருடத்தில் 34 பேர் ஆக்கினேன். பிறகு 19க்கு இறக்கினேன். இறக்கியபோது போனவர்களில் இரண்டு பேரின் பிள்ளைகளுக்குக் காதுகுத்துக்கு நான் மாமன் முறையில் போய் இருந்தவன். அந்த வேதனை உங்களுக்கு வரக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் வேலை எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். டிரம்மில் ஒரு தடவைக்கு 40 கிலோ என்றால், போட்டு இறக்க முக்கால் மணி நேரம் வையுங்கள். நாளைக்கு 10 தடவை, 400 கிலோ. அதற்கு மேல் நீங்கள் எத்தனை பிள்ளைகளைப் பைக்கற் பண்ண வைத்தாலும் மா இராது. இரண்டாவது டிரம் வந்தால் 800 கிலோ. ஆனால் வறுக்க 4 பேர் தேவையில்லை, இரண்டு டிரம்மையும் 3 பேர் பார்ப்பார்கள். அரைக்கிற மில் இப்போதே அரை நாள் சும்மா நிற்கும் என்று நினைக்கிறேன், அங்கே ஆள் கூட்டத் தேவையில்லை. பைக்கற்றில்தான் கூடும். வேலை இரண்டு மடங்கு என்பதற்காக ஆளையும் இரண்டு மடங்காக்கத் தேவையில்லை. நான் 34க்குப் போனது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

அடுத்தது, ஒரு கிழமைக்கு இதைச் செய்யுங்கள். உங்களிடம் யார் என்ன கேட்க வந்தாலும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். யார், எத்தனை மணிக்கு, என்ன கேள்வி, அவ்வளவுதான். நான் எழுதியபோது ஆறு நாளில் 140 வந்தது. அதில் பாதிக்கு மேல் இரண்டே விஷயம்: நெல் ஈரமாக இருக்கிறது, போடலாமா? இந்தக் கடைக்கு இன்னும் கடன் கொடுக்கலாமா? அந்த இரண்டையும் இரண்டு பேரிடம் கொடுத்த பிறகுதான் மத்தியானம் வீட்டில் இருந்து சோறு சாப்பிட்டேன்.

எங்கள் பக்கத்தில் போடியார்மார், அதாவது பெரிய வயல்காரர்கள், வயல் செய்த விதம் உங்களுக்குத் தெரியும். போடியார் ஊரில் இருப்பார், வட்டையில், அதாவது வயல்வெளியில், வேலையைப் பார்க்கிற முல்லைக்காரர் இருப்பார். எந்த வயல் துண்டை முதலில் விதைப்பது, எத்தனை ஆள் இறக்குவது என்பது முல்லைக்காரர் கையில். தண்ணீர் விடுவது, அதைப் பார்க்கிற வட்டவிதானை கையில். விதை நெல்லும் காசும் மட்டும் போடியாரிடம். அந்த முறையில் வேலை செய்தவனுக்கு நியாயம் குறைவு, அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த முடிவு யாருடையது என்று வட்டை முழுக்கத் தெரியும். போடியார் காய்ச்சலில் கிடந்ததால் விதைப்பு நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. உங்களுக்கு டெங்கு வந்தபோது மா சிவந்தது. உங்கள் படத்தில் பெயர்களை எழுத முன்னம், இந்த முடிவுகளை எழுதுங்கள். மா இறக்குவது. கெட்டதைக் கழிப்பது. அரிசி வாங்குவது. கடன். லீவு. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரே ஒரு பெயர்.

ஒரு பிழை செய்தேன், அதையும் சொல்கிறேன். என் ஆலையில் ஒருவர் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே ரப்பர் உருளை தேய்ந்துவிட்டது என்று சொல்வார். அவ்வளவு திறமை. அதற்குப் பரிசாக அவரை மேற்பார்வையாளர் ஆக்கினேன். காலையில் 12 பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும், பிந்தி வந்தவனைக் கேட்க வேண்டும். அவரால் ஒருவரையும் கடிந்து பேச முடியாது. எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்தார். எட்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். நல்ல இயந்திரக்காரரும் போனார், மேற்பார்வையாளரும் இல்லை. உங்கள் அக்காவிடம் முதலில் கேளுங்கள், அவருக்கு என்ன விருப்பம் என்று. சம்பளம் கூட்டுவதற்குப் பதவி உயர்த்த வேண்டும் என்று இல்லை.

மருதமுனைத் தறி

அக்கா, மச்சினன் விஷயத்துக்கு மட்டும் எழுதுகிறேன். எங்களுக்குக் கைத்தறிச் சாரி, சாரம். வாப்பாவும் நானாவும் (அப்பாவும் அண்ணனும்) இருவரும் முதலாளி மாதிரி. ஒரு முறை சாயம் போடுகிறவரிடம் வாப்பா கரும்பச்சை என்றார், பின்னேரம் நானா வந்து இளம்பச்சை என்றார். அவர் இருவரையும் மறுக்க முடியாமல், முடிந்ததைக் கரும்பச்சையாகவும் மிச்சத்தை இளம்பச்சையாகவும் போட்டுவிட்டார். 12 சாரிக்கான நூல். அந்த நூலைத் தறியில் ஏற்றிய அன்றுதான் எங்களுக்கே தெரியும். சாயக்காரரைப் பிழை சொல்ல என்ன இருக்கிறது?

உங்கள் வீட்டில் நீங்கள், கணவர், இனி அவரின் தம்பி. பைக்கற் பண்ணுகிற பிள்ளை யாருடைய பேச்சைக் கேட்பாள்? மச்சினனை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மனேஜர் என்ற பெயரில் எடுக்காமல், ஒரு வேலையைக் கொடுத்து எடுங்கள். கடைகளுக்குப் போய் ஓடர் எடுப்பது, கொடுத்த கடனைத் திரும்ப வாங்கி வருவது என்று. ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். கணவரின் பெயரையும் அந்தப் பக்கமே எழுதுங்கள், வெளி வேலை அவருக்கு, உள்ளே உங்களுக்கு.

கல்முனைக் கணக்கு

மேலே தறிக்காரர் சொன்னதை 1916இலேயே ஹென்றி ஃபயோல் என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியியலாளர் எழுதிவைத்திருக்கிறார்: ஒரு ஊழியருக்கு ஒரே மேலதிகாரியிடம் இருந்துதான் கட்டளை வர வேண்டும். அதை விட்டுவிட்டு நான் காசுக்கு வருகிறேன்.

ஒரு ஆளுக்குச் சம்பளம் 40,000 என்று வைத்தால் உங்கள் செலவு 40,000 இல்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF, ஓய்வுகாலச் சேமிப்பு) உங்கள் பங்கு 12 வீதம், 4,800. ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், 1,200. ஆக 46,000. அவருடைய 8 வீதத்தைக் கழித்துக் கையில் 36,800 கொடுப்பீர்கள். வேலைக்கு எடுக்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். முதல் சம்பளத்தன்று காசு குறைவதைப் பார்த்து மனம் உடைகிற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும், நாட்கூலி என்றாலும் இந்த நிதிகள் கட்ட வேண்டும். அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் சேமலாப நிதியில் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வரை போகும். இப்போது இருக்கிற 11 பேரில் யாருக்காவது கட்டாமல் இருந்தால், புது ஆளை எடுக்க முன்னம் அதைச் சரிசெய்யுங்கள்.

இன்னொன்று, 15 என்ற எண். 15 பேரும் அதற்கு மேலும் இருந்தால் 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் வரும். 5 வருடம் முடித்தவர் விலகும்போது, மாதச் சம்பளக்காரர் என்றால் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். உங்கள் அக்கா 2016இல் இருந்து நிற்கிறார் என்றால் அவருக்குச் சேர்ந்திருக்கிற தொகையை நினைத்துப் பாருங்கள். அதேபோல் 1971ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, 15 பேரும் மேலும் உள்ள இடத்தில், ஒழுக்கக் குற்றம் இல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டும் என்றால் அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். இதற்குப் பயந்து சிலர் 14இலேயே நிற்கிறார்கள், அல்லது ஆட்களைப் புத்தகத்தில் காட்டாமல் வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மாதாமாதம் பணிக்கொடைக்கென்று ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவாருங்கள், பாரம் தெரியாது.

அப்புறம், வராத நாளையும் எண்ணுங்கள். ஒருவருக்கு வருடத்துக்கு 14 நாள் லீவு என்றாலே 18 பேருக்கு 252 நாள். கிட்டத்தட்ட வருடம் முழுக்க ஒருவர் வராதது போல. பைக்கற் பண்ணுகிற பிள்ளைகளில் ஒருவருக்குக் குழந்தை கிடைத்தால் 84 நாள் லீவு, சம்பளத்தோடு. அது அவளுடைய உரிமை. அதற்காகப் பெண்பிள்ளைகளை எடுக்காமல் விடுவது பாவம், எல்லா வேலையும் தெரிந்த ஒரு மாற்று ஆளை முன்கூட்டியே வைத்திருப்பதுதான் வழி.

என் கணக்கில் வறுக்க +1, பைக்கற் +3, மாற்று ஆள் +1, கணக்கு எழுத +1, ஓடருக்கு மச்சினன் +1. மொத்தம் 18. ஆனால் ஒரே மாதத்தில் 7 பேரை எடுக்காதீர்கள். கணக்கு எழுதுகிறவரை முதலில் எடுங்கள், அப்போதுதான் உங்கள் கை விடுபடும். மிச்சப் பேரை எடுக்க முன்னம், மூன்று மாதச் சம்பளம் வங்கியில் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். கல்முனை வியாபாரி கடனுக்கா எடுக்கிறார், காசுக்கா? கடனுக்கு என்றால் சம்பளம் உங்கள் பையில் இருந்துதான் முன்னால் போகும்.

மாக்கடை, களுவாஞ்சிக்குடி

எல்லோருக்கும் நன்றி. ஆறு நாள் எழுதினேன், அண்ணன் சொன்ன மாதிரி. 97 கேள்வி. 31 மா இறக்குவது, 22 எந்த ஓடர் முதலில் என்பது. சம்பளம், லீவு, முன்காசு 18. மிச்சம் சில்லறை.

அக்காவோடு வெள்ளிக்கிழமை பின்னேரம் இருந்து கதைத்தேன். மேற்பார்வையா என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது. "எனக்கு மாவைத் தா, மனுசரைத் தராதே" என்றார். ஆக, மா இறக்குவதும் கெட்டதைக் கழிப்பதும் இனி அவர் கையில். நான் இருந்தாலும் அவர்தான் சொல்வார். முதல் நாள் டிரம்முக்குப் பக்கத்தில் போகாமல் இருக்க எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அவர் ஒரு பிடி அள்ளி, வெள்ளைச் சீலையில் விட்டு, பழைய மாவுக்குப் பக்கத்தில் வைத்து நிறம் பார்த்தார். அந்தச் சீலை இப்போது சுவரில் தொங்குகிறது, வறுக்கிற தம்பிமாரும் அதிலேயே பார்க்கிறார்கள்.

வேலை பிரிப்பது பைக்கற் பண்ணுகிற பிள்ளைகளில் ஒருத்திக்கு நன்றாக வரும் போல. வயது 24தான். மற்றவர்கள் அவளிடம்தான் ஏற்கெனவே கேட்கிறார்கள் என்பது கொப்பியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கல்முனைக்காரர் 30 நாள் கடனுக்குக் கேட்கிறார், 14 நாள் என்று பதில் சொல்லியிருக்கிறேன். மூன்று பேருக்குச் சேமலாப நிதி கட்டாமல் இருந்தது, அதற்குத் திங்கட்கிழமை தொழில் அலுவலகத்துக்குப் போகிறேன்.

ஒன்றுதான் இன்னும் தெரியவில்லை. எப்போது ஆள் எடுப்பது?

படுவான்கரை ஆலை

பெரும்போக அறுவடை தொடங்கினால் மாசி, பங்குனியில் எங்கள் பக்கத்தில் ஆள் பிடிக்க முடியாது. உங்களுக்கோ தைப்பொங்கல், நோன்பு, சித்திரை வருடம் என்று அந்த நேரத்தில்தான் ஓடர். கார்த்திகை, மார்கழி மழையில் பழக்கவும் முடியாது, பாதி நாள் பாதை மூடிக் கிடக்கும். ஆவணியில் எடுங்கள், தங்கச்சி. வறுக்கிற ஆளை அக்காவோடு மூன்று மாதம் நிற்க விடுங்கள். டிரம்மை அதற்குப் பிறகு வாங்கலாம்.